கண் கூசும் வெளிச்சம்: விமான நிலையங்களில் சூரியசக்தித் தகடுகளின் வரலாறு



இந்தக் கட்டுரை ஒரு சிவப்பு மை அடையாளத்தில் தொடங்குகிறது. பசுமை எரிசக்தி பற்றி என் மாணவர் ஒருவர் எழுதிய கட்டுரையில் இப்படி ஒரு வரி: “சூரியசக்தித் தகடுகள் கண்ணாடியைப் போல வெயிலைத் திருப்பி அனுப்பி விமானிகளின் கண்ணைப் பறித்துவிடும். ஆகவே விமான நிலையங்களில் அவற்றைப் பொருத்தக் கூடாது.” உவமை இருக்கிறது, காரணம் இருக்கிறது, முடிவும் இருக்கிறது. நானும் ‘நன்று’ என்று எழுதி ஒரு டிக் போட்டுவிட்டேன்.

அந்தக் கட்டுரையை வகுப்பில் வாசித்தபோது பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி கையைத் தூக்கினாள். “அப்படின்னா சாங்கி ஏர்போர்ட்ல ஏன் டீச்சர் போடுறாங்க?”

என்னிடம் பதில் இல்லை. “நல்ல கேள்வி, நாளைக்குப் பார்ப்போம்” என்று சமாளித்தேன். ஆசிரியர்கள் எல்லாருக்கும் தெரிந்த பழைய தந்திரம்தான். ஆனால் அன்று இரவு தேடத் தொடங்கியபோதுதான் புரிந்தது: நான் டிக் போட்ட வரியில் பாதி உண்மை இருந்தது, மீதிப் பாதியில் அவசரம் இருந்தது. அந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை. தேர்வில் அறிவியல், சுற்றுப்புறம், நாட்டு வளர்ச்சி என்று எந்தத் தலைப்பு வந்தாலும் உங்களுக்கு இது கைகொடுக்கும்.

ரேஸ்கோர்ஸ் சாலையிலிருந்து சாங்கி வரை

விமான நிலையம் என்றதும் நம் மனம் கிழக்கே சாங்கிக்குப் போகிறது. ஆனால் சிங்கப்பூர் வானில் முதன்முதலாக விமானம் பறந்தது நம் தேக்காவுக்குப் பக்கத்தில்தான். இன்று ரேஸ்கோர்ஸ் சாலையில் வாழையிலைச் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கிறீர்களே, அந்தச் சாலைக்கு அந்தப் பெயர் வரக் காரணம், ஃபேரர் பார்க்கில் இருந்த குதிரைப் பந்தயத் திடல். 1911 மார்ச் 16ஆம் தேதி, பெல்ஜிய விமானி ஜோசஃப் கிறிஸ்டியான்ஸ் அந்தத் திடலில் தம் பிரிஸ்டல் விமானத்தை மேலே கிளப்பிக் காட்டினார். எட்டு ஆண்டுகள் கழித்து, 1919 டிசம்பர் 4ஆம் தேதி, இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் பறந்துகொண்டிருந்த ராஸ் ஸ்மித்தின் விக்கர்ஸ் விமி விமானமும் வழியில் அதே திடலில்தான் இறங்கியது.

மரபுடைமை நடைக்கு மாணவர்களை அங்கே அழைத்துப் போகும்போதெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் வரும்: “ரன்வே எங்க இருந்துச்சு டீச்சர்?” ஓடுபாதை என்று ஒன்று அன்று இல்லை. புல்தரை, வானம், விமானியின் கண் — இவ்வளவுதான். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, தரை ஈரமா, எதிரே மரம் இருக்கிறதா என்று எல்லாவற்றையும் அந்தக் கண்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

பிறகு நகரம் வளர வளர விமான நிலையம் கிழக்கு நோக்கி நகர்ந்தது. 1937 ஜூன் 12ஆம் தேதி காலாங் விமான நிலையம் திறக்கப்பட்டது. அதன் கட்டடத்தின் நடுவில் கண்ணாடி பதித்த கட்டுப்பாட்டுக் கோபுரம் எழுந்து நின்றது. இன்றும் அதைப் போய்ப் பார்க்கலாம். 1955 ஆகஸ்ட் 20ஆம் தேதி பாய லேபார் நிலையமும், 1981 ஜூலை 1ஆம் தேதி சாங்கியும் செயல்படத் தொடங்கின.

இந்த வரலாற்றில் ஒரு மாற்றத்தைக் கவனியுங்கள். ஃபேரர் பார்க்கில் ஒரு கண் இருந்தால் போதும், விமானியின் கண். காலாங்கிலிருந்து இரண்டு கண்கள் தேவைப்பட்டன: ஒன்று விமானியுடையது, மற்றொன்று கோபுரத்தில் நின்று பார்க்கும் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளருடையது. ராடார் வந்த பிறகும் ஓடுபாதையில் எது நிற்கிறது, எது நகர்கிறது என்பதைக் கோபுரத்தில் இருப்பவர் தம் கண்ணாலும் பார்க்கிறார். நம் கதையில் சிக்கலில் மாட்டப்போவது இந்த இரண்டாவது கண்தான்.

கூரை ஏறிய தகடுகள்

இப்போது சூரியசக்திப் பக்கம் வருவோம். சிங்கப்பூரின் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து கிடைக்கிறது. அந்த எரிவாயுவை வெளியிலிருந்து வாங்குகிறோம். அணைகட்ட நமக்குப் பேராறு இல்லை, காற்றாலைக்கு வேண்டிய காற்றும் இல்லை. நம்மிடம் தாராளமாக இருப்பது வெயில். ஆனால் வெயிலைப் பிடிக்க இடம் வேண்டும். 730 சதுர கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் தீவில் வீடு, சாலை, தொழிற்சாலை, காடு, விமான நிலையம் எல்லாம் போக மீதி எங்கே?

அதனால் தகடுகள் கூரை ஏறின. 2008இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் சிராங்கூன் நார்த்திலும் செம்பவாங்கின் வெலிங்டன் சர்க்கிளிலும் அடுக்குமாடிக் கூரைகளில் அவற்றைச் சோதித்துப் பார்த்தது. 2014இல் ‘சோலார்நோவா’ திட்டம் வந்தது. அதன் மூலம் அரசாங்க அமைப்புகளின் கூரைகளையெல்லாம் ஒன்றுசேர்த்து மொத்தமாக ஏலம் விட முடிந்தது. கூரை போதாதபோது தகடுகள் தண்ணீருக்குப் போயின. 2021 ஜூலை 14ஆம் தேதி தெங்கே நீர்த்தேக்கத்தில் 122,000 தகடுகள் மிதக்கும் மின்நிலையம் திறக்கப்பட்டது. அதன் உச்சத் திறன் 60 மெகாவாட்.

இப்படி இடம் தேடி அலையும் நாட்டின் கண்ணில் விமான நிலையம் படாமல் இருக்குமா? முனையக் கூரைகள் பரந்தவை, தட்டையானவை. பக்கத்தில் உயர்ந்த கட்டடம் எதுவும் இல்லாததால் நிழல் விழாது. பகல் முழுவதும் குளிரூட்டி ஓடுவதால், உற்பத்தியாகும் மின்சாரத்தை அங்கேயே பயன்படுத்திவிடலாம். 2024இல் சாங்கி விமான நிலையக் குழுமம், கெப்பல் நிறுவனத்துடன் சேர்ந்து 43 மெகாவாட் உச்சத் திறன் கொண்ட சூரியசக்தி அமைப்பை அறிவித்தது. அதில் 38 மெகாவாட் முனையங்கள் முதலான கட்டடங்களின் கூரைகளுக்கு. மீதி 5 மெகாவாட், விமானத் தளத்தின் திறந்தவெளியில் செய்து பார்க்கும் முயற்சி.

‘விமானத் தளத்தின் திறந்தவெளி’ என்ற சொற்களில் சற்று நில்லுங்கள். கூரையில் இருப்பது ஒன்று, விமானங்கள் இறங்கி ஏறும் தளத்திலேயே இருப்பது வேறு. என் மாணவியின் கேள்வி இங்கேதான் கூர்மையாகிறது.

கொச்சி காட்டிய வழி

சாங்கிக்கு முன்பே இந்த வழியில் துணிந்து நடந்த விமான நிலையம் ஒன்று தமிழகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. கேரளத்தின் கொச்சி அனைத்துலக விமான நிலையம் 2013 மார்ச்சில் கூரை மீது 100 கிலோவாட் அளவில் சிறியதாகத் தொடங்கியது. அந்த ஆண்டு முடிவதற்குள் இன்னொரு 1 மெகாவாட் சேர்ந்தது. 2015 ஆகஸ்ட் 18ஆம் தேதி, சரக்கு முனையத்துக்கு அருகே 45 ஏக்கர் நிலத்தில் 46,000க்கும் மேற்பட்ட தகடுகளுடன் 12 மெகாவாட் நிலையம் திறக்கப்பட்டது. முழுக்க முழுக்கச் சூரியசக்தியில் இயங்கும் உலகின் முதல் விமான நிலையம் என்ற பெயர் அதற்குக் கிடைத்தது. 2018இல் ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் ‘புவியின் வாகையர்’ விருதும் வந்தது. தகடுகளுக்கு இடையே அங்கே காய்கறி பயிரிடுகிறார்கள் என்பது கூடுதல் சுவை.

கொச்சியில் கவனிக்க வேண்டியது அளவைக் கூட்டிய விதம். 100 கிலோவாட், பிறகு 1 மெகாவாட், பிறகு 12 மெகாவாட். முதலில் சிறிது, பார்த்த பிறகு பெரிது. சாங்கியின் 5 மெகாவாட் முயற்சியையும் இந்த வரிசையில் வைத்துப் பாருங்கள்.

ஆக, ‘விமான நிலையத்தில் தகடு கூடாது’ என்ற என் மாணவரின் முடிவை நடைமுறை ஏற்கெனவே தாண்டிவிட்டது. சரி, அவர் சொன்ன காரணமாவது சரியா?

தகடு கண்ணாடியா?

முகம் பார்க்கும் கண்ணாடியின் வேலை, வரும் ஒளியைத் திருப்பி அனுப்புவது. சூரியசக்தித் தகட்டின் வேலை நேர்மாறானது. ஒளியை உள்ளே விழுங்கினால்தான் அதற்கு மின்சாரம். திருப்பி அனுப்பும் ஒவ்வொரு துளி ஒளியும் அதற்கு நட்டம். அதனால்தான் தகடுகள் கறுத்தோ கருநீலமாகவோ இருக்கின்றன. அவற்றின் மேற்பரப்பில் ஒளியைத் திருப்பாத பூச்சும் பூசுகிறார்கள்.

ஆனாலும் தகட்டின் மேல் இருப்பது கண்ணாடிப் பலகைதானே. இங்கே ஓர் எளிய சோதனை. காலாங் ஆற்றுப் பாலத்தில் நின்று, நேரே கீழே பாருங்கள். தண்ணீர் கறுப்பாகத் தெரியும். அப்படியே பார்வையைத் தூரத்துக்கு ஓட்டுங்கள். அதே தண்ணீர் வெள்ளித் தகடாக மின்னும். தண்ணீர் மாறவில்லை, நீங்கள் பார்க்கும் கோணம் மாறியது. கண்ணாடிக்கும் இதே குணம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு அறிவியலாளர் ஃபிரெனெல் இதற்குக் கணக்கு எழுதி வைத்தார். பூச்சில்லாத சாதாரணக் கண்ணாடி மீது வெயில் நேராக விழுந்தால் அதன் மேற்பரப்பு திருப்புவது 4 விழுக்காடுதான். சூரியன் சாய்ந்து, கண்ணாடிப் பரப்பிலிருந்து 20 பாகை உயரத்தில் நின்றால் அது ஏறத்தாழ 17 விழுக்காடாகிறது. 10 பாகைக்கு இறங்கினால் கிட்டத்தட்ட 39 விழுக்காடு.

“வெறும் 4 விழுக்காடுதானே, விட்டுவிடலாம்” என்று சொல்லத் தோன்றும். அதுவும் அவசர முடிவுதான். சூரியன் அவ்வளவு பிரகாசமானது. அதன் நூற்றில் நான்கு பங்கு நேராகக் கண்ணில் விழுந்தாலும் கூசத்தான் செய்யும். புகைப்பட ஃபிளாஷ் அடித்த பிறகு கண்ணுக்குள் சில நொடிகள் ஒரு புள்ளி மிதக்குமே, அதைப் பின்பிம்பம் என்கிறோம். விமானம் தரையைத் தொடப்போகும் நேரத்தில் அந்தச் சில நொடிகளும் விலை மிக்கவை.

இரண்டு சொற்களை இங்கே பிரித்துக்கொள்வது நல்லது. நகரும்போது ஒரு கணம் வெட்டிப் போகும் ஒளியைப் பளிச்சிடல் என்போம். தொடர்ந்து நின்று உறுத்தும் ஒளியைக் கண்கூச்சம் என்போம். பறந்துகொண்டிருக்கும் விமானிக்குப் பெரும்பாலும் வாய்ப்பது முதலாவது. ஒரே இடத்தில் நிற்கும் கோபுரத்துக்கு வாய்ப்பது இரண்டாவது.

இன்னொன்றையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்தில் இவான்பா என்ற நிலையம் இருக்கிறது. அங்கே உண்மையான கண்ணாடிகளே லட்சக்கணக்கில் நின்று வெயிலைக் கோபுரங்கள் மீது குவிக்கின்றன. அந்த வெளிச்சம் பற்றி 2013இலேயே விமானிகள் புகார் அளித்தார்கள். அது வேறு தொழில்நுட்பம். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு அடுக்குமாடிக் கூரைத் தகட்டைப் பற்றி எழுதினால், புலியைப் பார்த்துப் பூனைக்குக் கட்டுரை எழுதிய கதையாகும்.

தார்ப்பாய் போர்த்திய தகடுகள்

இனி வரலாற்றின் முக்கியமான கட்டம். 2010 நவம்பரில் அமெரிக்கக் கூட்டரசு விமானப் போக்குவரத்து நிர்வாகம், விமான நிலையங்களில் சூரியசக்தி அமைப்பது பற்றித் தொழில்நுட்ப வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. எதிரொளியைப் பற்றியும் அதில் பேசியிருந்தது. ஆனால் பாடம் வழிகாட்டியில் வரவில்லை, கார் நிறுத்துமிடத்தின் கூரையில் வந்தது.

நியூ ஹேம்ப்ஷியர் மாநிலத்தில் மான்செஸ்டர்–பாஸ்டன் வட்டார விமான நிலையம் இருக்கிறது (இங்கிலாந்து மான்செஸ்டர் என்று எழுதிவிடாதீர்கள்). 2012இல் அதன் கார் நிறுத்துமிடக் கூரையில் தகடுகள் பொருத்தினார்கள். காலையில் முக்கால் மணி நேரம் அளவுக்கு அவற்றின் எதிரொளி நேரே கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குள் பாய்ந்தது. கட்டுப்பாட்டாளர்கள் புகார் செய்தார்கள். உடனடியாக என்ன செய்ய முடியும்? தகடுகளின் ஒரு பகுதியைத் தார்ப்பாய் போட்டு மூடினார்கள்! மின்சாரம் தயாரிக்க வாங்கிய தகடுகள் தார்ப்பாய்க்கு அடியில் தூங்கின. பிறகு அவற்றை 90 பாகை திருப்பிக் கிழக்கு நோக்கி அமைப்பதுதான் தீர்வாயிற்று.

தீர்வு எவ்வளவு எளிமையானது என்று கவனித்தீர்களா? புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவைப்படவில்லை, திசையை மாற்றினார்கள். அதே திசையை முதலிலேயே தேர்ந்திருந்தால் தார்ப்பாய் வாங்கியிருக்க வேண்டாம்.

அடுத்த ஆண்டே விதி கடுமையானது. 2013 அக்டோபர் 23ஆம் தேதி வெளியான இடைக்காலக் கொள்கை இரண்டு நிபந்தனைகளை விதித்தது. ஒன்று, கோபுரத்துக்குள் எதிரொளி விழவே கூடாது. இரண்டு, விமானம் தரையிறங்கும் பாதையின் கடைசி 2 மைல் தொலைவில் பின்பிம்பம் ஏற்படுத்தும் அளவுக்கு ஒளி இருக்கக் கூடாது. இதைக் கணக்கிட, சாண்டியா தேசிய ஆய்வுக்கூடத்தில் கிளிஃபர்ட் ஹோ குழுவினர் உருவாக்கிய மென்பொருள் பயன்பட்டது. தகடு எங்கே, எந்தச் சாய்வில், எந்தத் திசையில் என்று கொடுத்தால், ஆண்டின் எந்த நாளில், எந்த நிமிடத்தில், யார் கண்ணில் ஒளி விழும் என்று அது சொல்லும். பச்சை என்றால் பின்பிம்ப வாய்ப்பு குறைவு, மஞ்சள் என்றால் வாய்ப்பு உண்டு, சிவப்பு என்றால் கண்ணுக்கே நிரந்தரக் கேடு.

எட்டு ஆண்டு அனுபவத்துக்குப் பிறகு விதி மறுபடி மாறியது. 2021 மே 11ஆம் தேதி வெளிவந்த இறுதிக் கொள்கை கோபுரத்தின் மீது கவனத்தைக் குவித்தது. ஏரி, கண்ணாடிக் கட்டடம், கார் நிறுத்துமிடம் ஆகியவற்றிலிருந்து விமானிகள் அன்றாடம் பார்த்துப் பழகிய ஒளியைப் போன்றதுதான் தகடுகளின் ஒளியும் என்று நிர்வாகம் முடிவுக்கு வந்தது.

ஓடுபாதையை மூடிய வெயில்

அத்தோடு கதை முடிந்ததா? இல்லை. நெதர்லாந்தில் ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல் விமான நிலையத்துக்கு அருகில், விமான நிலையத்தைச் சேராத நிலத்தில், இரண்டு லட்சத்துக்கும் அதிகமான தகடுகளுடன் ஒரு சூரியசக்திப் பூங்கா எழுந்தது. 2025இன் தொடக்கத்தில், வெயில் அடிக்கும் நாள்களில் காலை சில மணி நேரத்துக்குப் போல்டர்பான் என்ற ஓடுபாதையில் விமானங்கள் இறங்குவதை நிறுத்திவைத்தார்கள். காரணம், அந்தத் தகடுகளின் ஒளி விமானிகளின் கண்ணில் அடித்தது. அவற்றில் ஏறத்தாழ 78,000 தகடுகளை அகற்றுவது என்ற உடன்பாட்டில் அது வந்து நின்றது.

இதில் அடிபடுவது விமானி மட்டும் என்று நினைக்காதீர்கள். போல்டர்பான், குடியிருப்புகளைவிட்டுத் தள்ளி 2003இல் திறக்கப்பட்ட ஓடுபாதை. அதை மூடினால் விமானங்கள் வேறு ஓடுபாதைகளுக்குப் போகும். அங்கே வீடுகளின் தலைக்கு மேல் இரைச்சல் கூடும். ஒரு வயலில் வைத்த தகட்டின் கோணம், பல கிலோமீட்டர் தள்ளி இருக்கும் குழந்தையின் தூக்கத்தைக் கலைக்கிறது.

2021இல் ஒரு நாடு ‘விமானிகளுக்குப் பழக்கமான ஒளிதான்’ என்றது. 2025இல் இன்னொரு நாடு ஓடுபாதையையே மூடியது. எது சரி? இரண்டும் தத்தம் இடத்தில் சரி. ஒரு கூரையில் சில ஆயிரம் தகடுகள் வேறு, தரையிறங்கும் பாதைக்குப் பக்கத்தில் இரண்டு லட்சம் தகடுகள் வேறு. இடம், எண்ணிக்கை, சாய்வு, சூரியனின் பாதை ஆகிய நான்கையும் சேர்த்துத்தான் தீர்ப்புச் சொல்ல முடியும்.

நம் ஊர்க் கணக்கு

இப்போது இதே நான்கையும் சிங்கப்பூருக்குப் போட்டுப் பார்ப்போம். பயப்படாதீர்கள், தமிழாசிரியை எனக்கே புரிந்த கணக்குதான்.

நாம் பூமத்தியரேகைக்கு மிக அருகில் இருக்கிறோம். சூரியன் ஏறத்தாழ கிழக்கே உதித்து, செங்குத்தாக ஏறி, மேற்கே விழுகிறது. மணிக்குச் சுமார் 15 பாகை ஏறுகிறது. காலை ஏழு மணி வாக்கில் உதயம் என்றால், 20 பாகை உயரத்தைத் தாண்ட ஏறத்தாழ 80 நிமிடம். படுத்த நிலையில் உள்ள தகடு அதிகம் மின்னுவது இந்த நேரத்தில்தான், அதாவது காலை 8.20 வரை. மாலையிலும் இதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள்.

சாங்கியின் ஓடுபாதைகள் ஏறத்தாழ வடக்கு–தெற்காக அமைந்தவை. இறங்கும் விமானி வடக்கையோ தெற்கையோ பார்த்து வருகிறார். காலை வெயிலும் அதன் எதிரொளியும் அவருக்குப் பக்கவாட்டில்தான் விழுகின்றன. ஆனால் கோபுரம்? அதற்கு முன்பக்கம், பின்பக்கம் கிடையாது. நாலா பக்கமும் பார்க்க வேண்டும்.

80 மீட்டர் உயரத்தில் பார்வை மாடம் உள்ள ஒரு கோபுரத்தை வைத்துக்கொள்வோம். படுத்த நிலையில் உள்ள தகடு, வெயில் வந்த கோணத்திலேயே அதை எதிர்ப்பக்கம் அனுப்பும். ஆகவே சூரியன் 20 பாகையில் இருக்கும்போது, கோபுரத்துக்குக் கிழக்கே 220 மீட்டர் தள்ளியுள்ள தகடுதான் மாடத்தை எட்டும். 5 பாகையில் இருக்கும்போது 900 மீட்டருக்குச் சற்று அப்பால் உள்ள தகடு எட்டும். தள்ளிப் போகப் போக, உதயத்தை ஒட்டிய சில நிமிடங்கள் மட்டுமே சிக்கல். அந்த நிமிடங்களில் கிழக்கே பார்ப்பவருக்குச் சூரியனே எதிரில் நிற்கும். அதற்காக அவர் ஏற்கெனவே திரையை இறக்கியிருப்பார்.

ஆனால் தகட்டைச் சாய்த்தால் இந்தக் கணக்கு மாறிவிடும். தகடு 10 பாகை சாய்ந்தால், திரும்பும் கதிர் 20 பாகை நகரும். சூரியன் ஓரிடத்தில், அதன் எதிரொளி எதிர்பாராத இன்னோர் இடத்தில். குளிர்நாடுகளில் தாழ்ந்த சூரியனைப் பிடிக்கத் தகடுகளைப் பொதுவாக அதிகம் சாய்க்க வேண்டியிருக்கிறது. நமக்கோ சூரியன் தலைக்கு மேல். மழைநீர் வழிந்து தூசியைக் கழுவிப் போகும் அளவுக்குச் சிறு சாய்வு போதும். நிலம் தராத இயற்கை, இந்த ஒரு சலுகையை நமக்குத் தந்திருக்கிறது.

சலுகை இருக்கிறது என்பதற்காகக் கணக்கை விட்டுவிட முடியாது. எதிரொளியை நெறிப்படுத்துவது நம் நகருக்குப் பழக்கமானதுதான். கட்டடங்களின் வெளிப்புறக் கண்ணாடி, தன் மேல் விழும் பகல் ஒளியில் 20 விழுக்காட்டுக்கு மேல் திருப்பி அனுப்பக் கூடாது என்ற விதி இங்கே உண்டு. விமான நிலையத்தில் அந்தக் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். கோபுரத்தின் பார்வையிலிருந்து விலகிய இடத்தைத் தேர்வது முதல் வழி. சாய்வையும் திசையையும் மாற்றுவது இரண்டாவது. சொரசொரப்பான கண்ணாடியும் பூச்சும் மூன்றாவது. இவை ஒளியின் வேகத்தைத் தணிக்கும், ஆனால் அதைப் பரப்பியும் விடும். கோபுரத்தில் திரை, கட்டுப்பாட்டாளருக்குக் கறுப்புக் கண்ணாடி என்பவை கடைசி வழி. ஏன் கடைசி? முதல் மூன்று வழிகளில் செலவும் சிரமமும் தகடு வைப்பவருக்கு. நான்காவதில் சிரமம் முழுவதும், நூற்றுக்கணக்கான உயிர்களைக் கண்ணால் காத்து நிற்பவருக்கு.

அந்த டிக்

மறுநாள் வகுப்புக்குப் போய், போட்ட டிக்கை அடித்தேன். மாணவர் முகம் சுருங்கியது. “உன் வரி தப்பில்லை, பாதியில நின்னுடுச்சு” என்றேன். பிறகு அந்த வரியை வகுப்பாகச் சேர்ந்து திருத்தினோம். கரும்பலகையில் கடைசியாக நின்ற வடிவம் இது: “சூரியசக்தித் தகடுகள் கண்ணாடியைவிட மிகக் குறைவாகவே ஒளியைத் திருப்பும். ஆயினும் சில கோணங்களில், சில நேரங்களில் அந்த ஒளி கட்டுப்பாட்டாளர், விமானி ஆகியோரின் கண்ணைக் கூசச் செய்யலாம். 2012இல் மான்செஸ்டரிலும் 2025இல் ஸ்கிபோலிலும் அது நடந்தது. ஆகவே தகடுகளைப் பொருத்தும் முன்பே இடம், சாய்வு, திசை ஆகியவற்றைக் கணக்கிட வேண்டும்.”

முதல் வடிவத்தில் பயம் முடிவைச் சொன்னது. இதில் சான்று சொல்கிறது. தேர்வுத்தாளில் மதிப்பெண்ணைக் கூட்டுவதும் இந்த வேறுபாடுதான். ‘வரும் முன் காப்போம்’ என்ற தொடரை எழுதாத மாணவர் இல்லை. அடுத்த முறை எழுதும்போது, தார்ப்பாய் போர்த்திய அந்தத் தகடுகளையும் பக்கத்தில் வைத்து எழுதுங்கள். தொடருக்கு உயிர் வரும்.

கேள்வி கேட்ட மாணவிக்கும் பதில் சொன்னேன். “கூசும்னு தெரிஞ்சும் போடுறாங்க. கூசாத மாதிரி வைக்க முடியும்னு தெரிஞ்சதால போடுறாங்க.” அவள் விடவில்லை. “யார் அதைச் சரிபார்ப்பாங்க டீச்சர்?” என்றாள். வளர்ந்து அவளே அந்தக் கோபுரத்தில் நின்றாலும் நான் வியக்கமாட்டேன்.

சொல்வளம்

எதிரொளி – ஒரு பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி
பளிச்சிடல் – ஒரு கணம் வெட்டி மறையும் ஒளி
கண்கூச்சம் – தொடர்ந்து நின்று பார்வையை உறுத்தும் ஒளியின் விளைவு
பின்பிம்பம் – ஒளி மறைந்த பிறகும் கண்ணில் தங்கும் உருவம்
பாகை – கோணத்தின் அளவு
உச்சத் திறன் – முழு வெயிலில் தகடுகள் தரக்கூடிய அதிகபட்ச மின்சக்தி

வகுப்பில் கலந்துரையாட

1. விமான நிலையத்துக்கு வெளியே உள்ள நிலத்தில் ஒருவர் தகடு வைக்கிறார். அதன் எதிரொளியால் ஓடுபாதை மூடப்படுகிறது. செலவை யார் ஏற்க வேண்டும்? இரு தரப்பிலும் நின்று வாதிடுக.

2. ‘இடப் பற்றாக்குறையே சிங்கப்பூரின் புதுமைகளுக்குத் தாய்.’ கூரை, நீர்த்தேக்கம், விமானத் தளம் ஆகிய மூன்றையும் சான்றாகக் கொண்டு கருத்துரைக்க.

3. ‘தகடு கண்ணாடியைப் போன்றது’ என்ற உவமை எங்கே பொருந்துகிறது, எங்கே தவறுகிறது? ஒரு பத்தியில் விளக்குக.